டார்க் ரெஞ்ச் பற்றி ஒரு கேள்வி

எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும். அது ஏற்கெனவே எனக்குக் கொஞ்சம் அதிகம்.

பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாலை ஆறு முதல் எட்டரை வரை விமானப் பராமரிப்பு வகுப்பு. மிச்சமிருக்கும் நேரத்தில், விமானப் பிரியர்களுக்கான ஒரு கேள்வி-பதில் தளத்தில் மாடரேட்டர். இறக்கையின் நுனி ஏன் மேலே வளைந்திருக்கிறது, ஜன்னல் கண்ணாடியின் அடியில் அந்தச் சின்ன ஓட்டை எதற்கு என்று யாராவது கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். சண்டை வந்தால் விலக்குவதும், ஒரே கேள்வி இரண்டு முறை வந்தால் இணைப்பதும், தெளிவில்லாத கேள்வியை விவரம் வரும்வரை மூடிவைப்பதும் எங்கள் வேலை.

“பிளேன்ல ஒரு தடவகூட ஏறினதில்ல, இவ பிளேனுக்கெல்லாம் போலீஸ்காரி” என்பாள் அண்ணி. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் சொல்வது உண்மைதான்.

மாடரேட்டர்கள் மொத்தம் நாலு பேர். நானும் ‘டவர்’ என்பவளும் தவிர, ‘வானிலை’ என்ற பெயரில் ஒருவர், ‘கேப்டன்’ என்ற பெயரில் ஒருவர். கேப்டன் ஓட்டிய விமானங்கள் எல்லாம் கணினித் திரையில்தான். டவர் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. தளத்துக்காக அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆளும் ஓங்குதாங்காக இருப்பதால் வகுப்பிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. எதையும் தேதி, மணி போட்டு எழுதிவைக்கும் எனக்கு அவள் வைத்த பெயர் டைரி. பகலில் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தின் ஆவண அறையில் அவளுக்கு வேலை. காகிதத்தை விட்டு, விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் இறங்கி, கையில் கருவி பிடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. என்னைத் தளத்துக்கு இழுத்துவந்ததும், மாடரேட்டர் தேர்தலில் என் பெயரை முன்மொழிந்ததும் அவள்தான்.

“ஒரு கமா விட்டுப்போனாக்கூட உனக்குத் தூக்கம் வராது. இந்த வேலைக்குன்னே பொறந்தவடி நீ” என்றாள் அன்று. அதையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.

மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, ‘நட்டுபோல்ட்’ என்ற பெயரில் ஒருவர் ஒற்றை வரியில் கேட்டார்: தேதி முடிந்த டார்க் ரெஞ்சால் ஒரு வேலையைச் செய்துவிட்டால், அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டுமா?

டார்க் ரெஞ்ச் என்பது ஒரு நட்டை இத்தனை விசைக்கு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் முறுக்குவதற்கான கருவி. அது சரியாக முறுக்குகிறதா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். அடுத்த சோதனைக்கான தேதி அதன் மேலேயே ஒட்டியிருக்கும். அந்தத் தேதி தாண்டிய கருவியை எடுக்கக் கூடாது.

நான் கேள்வியை மூடினேன். எந்த வகை விமானம், எந்தப் பாகம், எத்தனை நாள் தாண்டியது என்று சேர்க்கச் சொன்னேன். எங்கள் விதி அதுதான். “இவ்வளவு தேவையா?” என்று அவர் கேட்டார். “நல்ல பதில் வேண்டுமென்றால் தேவை” என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவர் சேர்த்தார். நாற்பத்தெட்டு இருக்கை, இரண்டு புரொப்பெல்லர். முன் சக்கரத்து நட். பதினொரு நாள். மேற்பார்வையாளர் ‘பரவாயில்லை, போடு’ என்றார். கேள்வியைத் திறந்தேன், நல்ல கேள்வி என்று என் ஓட்டையும் போட்டேன். ‘இன்று ஒரு மங்கலான கேள்வியை நல்ல கேள்வி ஆக்கினேன்’ என்று அன்றைய பக்கத்தில் இருக்கிறது.

ஆறாம் தேதி, வியாழக்கிழமை, கடையிலிருந்து வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் அவருடைய செய்தியைப் பார்த்தேன். நாலு மாடரேட்டர்களுக்கும் சேர்த்து எழுதியிருந்தார்.

“கேள்விய அழிச்சிட்டேன். பிரயோஜனமில்ல. என்ன சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. வேலை விவரத்த வெளிய சொன்னேன்னு திங்கக்கிழமை விசாரணை. என் மெயில் முகவரிய ஒரு பேப்பர்ல எழுதி மேஜைல வெச்சாங்க. அதுல என் முழுப் பேரும் இருக்கு. அது உங்க நாலு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. யார் குடுத்தது?”

மற்றவர்கள் பார்ப்பதற்குள் நான் பதில் எழுதினேன். எங்களில் யாரும் இல்லை என்றேன். ஒருவரின் தனி விவரத்தை மாடரேட்டர் திறந்தால் அது பதிவேட்டில் ஏறிவிடும், அதை யாராலும் அழிக்க முடியாது, அந்தப் பதிவேட்டை நானே உங்களுக்குக் காட்டுகிறேன் என்றேன். அனுப்பிய பிறகுதான் பதிவேட்டைத் திறந்தேன்.

ஒரே ஒரு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமை, மாலை 6:52. காரணம்: ‘செக்’. திறந்தவர் பெயர்: என் பெயர்.

நான்தான் செய்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். கை தவறி அழுத்தியிருக்கலாம். அழுத்தியதை மறந்திருக்கலாம். ஆனால் முகவரி எப்படி அந்த மேஜைக்குப் போனது? தூக்கத்தில் யாருக்காவது அனுப்பினேனா என்றுகூட யோசித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மூடிய கடை ஒன்றின் ஷட்டரில் சாய்ந்துகொண்டு, பையிலிருந்த டைரியை எடுத்தேன்.

செவ்வாய்: ‘6:45 இடைவேளை. டீ மெஷினில் பால் பவுடர் தீர்ந்து நிரப்பினார்கள், வரிசை நின்றது. 7:01க்கு இரண்டு டீயோடு வந்தேன். என் லேப்டாப்பில் டவர் இரண்டு விளம்பரப் பதிவுகளை நீக்கிவைத்திருந்தாள். நன்றி சொன்னேன்.’

நான் செய்யவில்லை. அது தெரிந்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். நானே செய்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு முன்பு, மாடிப்படித் திருப்பத்தில் அவளை நிறுத்தினேன். கைப்பிடிச் சுவருக்கு அன்றுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். இருவரும் அதைத் தொடாமல் நடுவில் நின்றோம்.

“நட்டுபோல்ட் உன் கம்பெனி ஆளா?”

“என்னடி, எடுத்த உடனே விசாரணையா?”

“ஆமாவா இல்லையா?”

அவள் கீழே ஆள் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “ஆமா. உனக்கெப்படி?”

“பதிவேட்டுல என் பேர் இருக்கு.”

“அதப் போய் யாரு பாக்கப் போறா, டைரி? மூணு வருஷத்துல நம்ம நாலு பேர்ல ஒருத்தராவது அதத் திறந்திருக்கமா?”

“நான் திறந்தேன்.”

“நீ திறப்ப” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இங்க பாரு. செவ்வாய்க்கிழம காலைல மேனேஜர் அந்தக் கேள்விய பிரிண்ட் எடுத்து என் மேஜைல போட்டாரு. நாப்பத்தெட்டு சீட்டு, பதினோரு நாள், முன் சக்கரம். படிச்ச உடனே எங்க ஹேங்கர்னு தெரிஞ்சிடுச்சு. ஆனா அந்த ஷிப்ட்ல ஆறு பேர். நீ அங்கதான மாடரேட்டர், எவன்னு சொல்லு, அடுத்த மாசம் உன்ன ஹேங்கர்ல பயிற்சிக்கு எடுத்துக்கறேன்னாரு. நாலு வருஷமா ஃபைல் அடுக்கறேண்டி நான்.”

“உன் கணக்குல பாத்திருக்கலாமே.”

“என் கணக்குல பாத்தா நான்னு தெரிஞ்சிடும். நீ மருந்துக்கடை. உன்ன யாரு சந்தேகப்படுவா? உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுதான் பண்ணேன்.”

நான் முறைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

“அவன் ஒத்த வரிதான கேட்டான்? எந்தச் சக்கரம், எத்தன நாளுன்னு கேட்டுக் கேட்டு எழுத வெச்சது யாரு? நீ கேக்கலன்னா எங்க மேனேஜருக்கு அது நம்ம ஹேங்கர்னே தெரிஞ்சிருக்காது. என்ன மட்டும் முறைக்காத.”

அதையும் அன்றைய பக்கத்தில் எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை மாடரேட்டர்களின் தனி அரட்டையில் எல்லாவற்றையும் எழுதினேன். என் கணக்கு, அவள் கை, படியில் அவள் சொன்னது. தனி விவரத்தைத் தவறாகத் திறந்தவரை ஓட்டெடுத்து நீக்க வேண்டும் என்பது விதி.

“பதிவேட்டுல உங்க பேர்தான் இருக்கு. டவர்னு சொல்றதுக்கு ஆதாரம்?” என்றார் கேப்டன்.

“அன்னிக்கு எழுதின டைரி.”

“யார் எழுதினது?”

“நான்.”

“நீங்க எழுதினத நீங்களே காட்டினா எப்படிங்க ஆதாரமாகும்?” என்றார். அவர் கெட்டவரில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

டவர் அதுவரை எதுவும் எழுதவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் வந்து வந்து மறைந்தன. ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு எழுதினாள்: “ரொம்ப பிரஷர்ல இருக்கா பாவம், யார் மேலயாவது சொல்லணும்னு தோணுது. எனக்கு அவ மேல கோவமில்ல. ஆனா ரூல்னா ரூல்தான்.” நீக்கச் சொல்லி விழுந்த முதல் ஓட்டு அவளுடையது. மற்ற இருவரும் பின்னால் போட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு என் அதிகாரம் போகும் என்று வானிலை அறிவித்தார்; அவர் எழுதிய வரியில் வருத்தம் இருந்தது.

அப்போது மணி நாலு பத்து. அழிக்கப்பட்ட கேள்வியை மாடரேட்டர்களால் மட்டுமே பார்க்க முடியும். ஐந்து மணிக்குப் பிறகு என்னால் முடியாது. டவரால் முடியும்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

“நடந்தத நட்டுபோல்ட்டுக்கு எழுதிக் குடுத்தா டவரோட வேல போயிடும் அண்ணி.”

“குடுக்கலன்னா?”

“அவர் வேல போயிடும்.”

அண்ணி ஒரு சட்டையை உதறினாள். “இவ உன் பேர எடுத்துக்கிட்டுப் போனப்ப உன்னப் பத்தி இவ்வளவு யோசிச்சாளா?”

“அதுக்காக நானும் அப்படிப் பண்ணணுமா?”

“பழி வாங்கச் சொல்லலடி. நடந்தத நடந்தபடி எழுதுன்னுதான் சொல்றேன். அதத்தான தினம் எழுதறே? இன்னிக்கு மட்டும் என்ன வந்தது?”

கேள்வியின் முதல் வடிவத்தை எடுத்தேன். அதில் நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சொல்கூட இல்லை. அதன் கீழே நான் அதை மூடியது, நான் கேட்ட விவரங்கள், ‘இவ்வளவு தேவையா’ என்று அவர் கேட்டது, நான் சொன்ன பதில் எல்லாம் மணியோடு இருந்தன. அவற்றோடு பதிவேட்டின் அந்த ஒரு வரியையும் சேர்த்தேன். விசாரணையில் காட்டும்படி நட்டுபோல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விவரங்களை அவர் தானாகச் சொல்லவில்லை, நான் வற்புறுத்திக் கேட்டேன். திறந்தது என் கணக்கு. லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுப்போனது என் தவறு. அந்தப் பதினாறு நிமிடம் அது யாரிடம் இருந்தது, அந்த ஆள் எந்த ஆவண அறையில் வேலை செய்கிறார், யார் கேட்டதால் செய்ததாக என்னிடம் சொன்னார் என்பதையும் எழுதினேன். கீழே என் உண்மையான பெயர், முகவரி. மூன்று முறை படித்தேன். டவரைப் பற்றிய வரியை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை மாலை பதில் வந்தது. “வேல போகல. ஹேங்கர்ல விடல, ஸ்டோர்ல உக்கார வெச்சிருக்காங்க. மேனேஜர்கிட்டயும் இப்ப விளக்கம் கேட்டிருக்காங்க. உங்க லெட்டர் இல்லன்னா முடிஞ்சிருக்கும். ஆனா முதல்ல நீங்க அவ்வளவு கேட்டிருக்க வேணாம்.” நன்றி என்று எழுதவில்லை. நான் அதை இரண்டு தடவை தேடினேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனபோது டவர் எங்கள் பெஞ்சிலேயே இருந்தாள். வேறு இடம் காலி இல்லை. உட்கார்ந்தேன். அன்று செய்முறை: இரண்டு போல்ட்டுகள் அதிர்வில் தளராமல் இருக்க, அவற்றைக் கம்பியால் முறுக்கிப் பிணைப்பது. நாற்பது நிமிடம் இருவரும் தலை நிமிராமல் முறுக்கினோம். முடிந்ததும் ஆசிரியர், “பக்கத்துல இருக்கறவங்க வேலைய பாத்து சைன் போடுங்க. பாக்காம போடாதீங்க” என்றார்.

டவர் தன் பலகையையும் தாளையும் என் பக்கம் தள்ளினாள்.

“பயிற்சி கிடையாதுன்னுட்டாங்க. நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க” என்றாள் தாழ்ந்த குரலில். “இப்ப திருப்தியா உனக்கு?”

நான் கம்பியைப் பார்த்தேன். போல்ட்டை இறுக்கும் பக்கமாகவே இழுத்திருந்தாள். முறுக்குகளை எண்ணினேன். நுனி கையைக் கிழிக்காதபடி உள்ளே மடங்கியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், தொய்வில்லை. குறை ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று மறுபடியும் எண்ணினேன். இல்லை. கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன்.

“நெஜமாவே பாத்தியா, இல்ல என்கிட்ட பேசக் கூடாதுன்னு சும்மா போட்டியா?”

“பாத்தேன்.”

என் பலகைக்காகக் கையை நீட்டினாள். நான் அதை எடுத்துக்கொண்டு எழுந்து, கடைசி பெஞ்சில் இருந்த, அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒருவர் முன்னால் வைத்தேன்.

“கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்றேன்.