இரவல் போன துப்பாக்கிகள்

எங்கள் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போலீஸ் தலைவன், அதாவது ஷெரிஃப், என் தம்பி வெண்டல். அவன் மேடையேறி அந்தச் சபதத்தைச் செய்தபோது கை தட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். கூட்டத்துக்கு ஆப்பிள் பை சுட்டு எடுத்துப் போனதே நான்தான். "ஜட்ஜு கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி ஒருத்தன் வீட்டுக்குள்ள பூந்து அவன் துப்பாக்கியை எடுக்கணும்னா, அதுக்கு இந்த கவுண்டிக்கு வேற ஷெரிஃப் பாத்துக்கங்க. என் கை அதைத் தொடாது" என்றான். கண்காட்சி மைதானத்துக் கொட்டகை அதிர்ந்தது. என் கணவர் ஆரின் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

தலைநகரத்தில் இருப்பவர்கள் அப்போதுதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று வீட்டார் மனுக் கொடுத்தால், நீதிபதி விசாரித்து, அவருடைய துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைக்கச் சொல்லலாம். வாங்கி வைக்க வேண்டியவர் ஷெரிஃப். நகரத்து ஆட்களுக்கு இது நியாயமாகத்தான் தெரியும். அவர்கள் போன் செய்தால் காபி ஆறுவதற்குள் போலீஸ் வந்து நிற்கும். எங்கள் பண்ணைக்கு வெண்டலின் வண்டி வந்து சேர்வதற்குள் திருடன் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போயிருப்பான். கன்று கால் ஒடிந்து கிடந்தால் அதன் வேதனையை முடித்து வைக்க எங்களிடம் இருப்பது துப்பாக்கிதான். இதையெல்லாம் இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். நாலு பேர் கூடினால் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தைப் பைபிள் வசனம் மாதிரி ஒப்பிக்கும் ஊரில் பிறந்தவள் நான்.

ஆனால் அடுத்தடுத்து மழை பொய்த்தது. புல் கருகியது. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல், ஆரின் தன் மாடுகள் அத்தனையையும் விற்றார். அவருடைய அப்பா காலத்திலிருந்து பேர் சொல்லி வளர்த்த வம்சம். லாரி போன பிறகும் தினமும் சாயங்காலம் மேய்ச்சல் நிலத்துக்கு நடந்து போய், ஒன்றுமில்லாத நிலத்தின் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வருவார். சாப்பாடு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது. ஒரு நாள் மாடு மேய்க்கும் நாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பண்ணைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "அதுக்கு இங்க வேலை இல்ல ரோவினா" என்றார். நேராக வெண்டலுக்குப் போன் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மனசு விட்டுப் போயிருக்கிறான் என்று தெரிந்தால், சொந்தக்காரனோ சிநேகிதனோ அவன் வீட்டுக்குப் போய், நரித் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லித் துப்பாக்கியை இரவல் கேட்பான். கேட்பவனுக்குக் காரணம் தெரியும். கொடுப்பவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் நரியைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். இதில் போலீஸ் இல்லை, காகிதம் இல்லை, மானம் போவதும் இல்லை. ஒரே ஒரு கண்டிஷன்: மான் வேட்டை சீசன் தொடங்குவதற்குள் துப்பாக்கி வீடு திரும்பிவிட வேண்டும். முதல் நாள் விடியற்காலையில் ஊரே தீயணைப்பு நிலையத்தில் கூடிப் பான்கேக் தின்றுவிட்டு வேட்டைக்குக் கிளம்பும். அன்றைக்கு ஒருவன் வெறுங்கையோடு நின்றால், அவனுக்குப் புத்தி சரியில்லை என்று தண்டோரா போட்ட மாதிரிதான்.

வெண்டல் அன்று சாயங்காலமே வந்தான்.

"மச்சான், நரித் தொல்லை தாங்கல. உங்க துப்பாக்கி கொஞ்சம் இரவல் வேணும்."

"எது வேணும்?"

"எல்லாம்."

ஆரின் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய நரிக் கூட்டம்தான் போல" என்றார். மாதக் கணக்கில் அவர் சொன்ன ஒரே ஜோக் அதுதான். இரண்டு பேரும் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே இருந்த இரும்பு பீரோவைக் காலி செய்து வண்டியில் ஏற்றினார்கள். கதவருகே ஆரின் ஏதோ சொன்னார். வெண்டல் அவர் தோளில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றான். கிளம்பும்போது, "என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான்.

இலை உதிரும் காலம் வந்தது. சீசன் நெருங்க நெருங்க ஆரின் முகம் தெளிந்தது. நான்கூட முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு நாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மோட்டாரை என்னைத் தொட விட்டதில்லை. "நீ தொட்டா அது தற்கொலை பண்ணிக்கும்" என்று கிண்டல் செய்கிற மனுஷன். அன்றைக்குப் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி, எந்த சுவிட்ச், எந்த வால்வு, குளிரில் உறைந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் பண்ணைச் சாவிகளுக்கெல்லாம் அட்டை கட்டினார். "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றேன். "தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் நடுங்கிப் போனேன்.

அதனால் அந்த வாரம் வெண்டலின் வண்டி எங்கள் பாதையில் திரும்பியபோது ஓடிப் போய் கேட்டிலேயே மறித்தேன். பின்னால் துப்பாக்கிகள் போர்வை சுற்றிக் கிடந்தன.

"திருப்பி எடுத்துட்டுப் போடா."

"அக்கா, சனிக்கிழமை சீசன் தொடங்குது. பான்கேக் தின்ன வர்றவன் எல்லாம் அவரை ஒரு மாதிரி பாப்பான். அதுலயே செத்துருவாரு மனுஷன்."

"இது உள்ள வந்துச்சுன்னா நெசமாவே செத்துருவாரு."

"அவரு பொருளை அவரு கேட்டா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது?"

"சட்டம் இருக்குல்ல? அதைக் காட்டிச் சொல்லு."

கன்னத்தில் அறைந்தாற்போல் நின்றான். "எந்தச் சட்டம்? யாருகிட்ட சொல்ற? சீசன் தொடங்கி நாலாம் நாள் எலெக்ஷன். ரோடு பூரா என் போர்டு. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிக்காம என்ன? நம்ம வேலியில அதை ஆணி அடிச்சதே நான்தான்."

"சரி, மனு குடு. ஆபத்துக்கு என்ன ஆதாரம்னு ஜட்ஜம்மா கேப்பாங்க. என் புருஷன் மோட்டார் போடச் சொல்லிக் குடுத்தாருன்னு சொல்வியா?"

"நீ சொல்லு. கொட்டகையில அவரு உன்கிட்ட என்ன சொன்னாருன்னு நீ வந்து சொல்லு."

வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "கோர்ட்டுல முடியிற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான்.

மனுக் கொடுப்பதற்கு முன்னால் ஆரினிடம் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்ய மனசு வரவில்லை. முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "என் பேரைக் கோர்ட்டுல ஏத்தப் போறியா?" என்றார். "ஆமாம்" என்றேன். போர்வையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் படுக்கப் போனவர், அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

விசாரணை வெள்ளிக்கிழமை. மறுநாள் சீசன். கோர்ட்டு பெஞ்சுகளில் அன்றைக்கு இடம் இல்லை. என் வீட்டுச் சங்கடத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி, வெண்டல் வாக்குத் தவறுகிறானா என்று பார்க்க வந்தவர்கள் பாதி. அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீலை ஆரின் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். நான் சொன்னதையெல்லாம் ஜட்ஜம்மா ஈனெஸ் பாக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். நாயைச் சொன்னேன், மோட்டாரைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன். என் காதுக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. பின் பெஞ்சில் யாரோ கனைத்தார்கள்.

பிறகு வெண்டலைக் கூப்பிட்டார். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, கையை உயர்த்தி உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தான்.

"ஷெரிஃப், கோடையில இவரோட துப்பாக்கிகளை நீங்க எடுத்துட்டுப் போனீங்க. எதுக்கு?"

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெண்டல் ஆரினைப் பார்த்தான். அப்புறம் பெஞ்சுகளைப் பார்த்தான்.

"நரி, ஜட்ஜம்மா."

"உங்ககிட்ட சொந்தத் துப்பாக்கி இல்லையா?"

"இருக்கு."

"இருந்துமா ஒரு பீரோவையே காலி பண்ணிட்டுப் போனீங்க?"

"எங்க பக்கம் நரி ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கழுத்து ரத்தச் சிவப்பாகியிருந்தது. ஐந்து வயதில் மிட்டாய் திருடிவிட்டுத் தானாகவே கடைக்குப் போய்ச் சொன்ன பிள்ளை அவன். "சத்தியம் பண்ணிட்டுப் பேசறீங்க. இன்னொரு தடவை கேக்கறேன்" என்றார் ஜட்ஜம்மா. வெண்டல் உதட்டை நனைத்துக்கொண்டான். "நரிக்குத்தான்" என்றான். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நாளைக் காலை துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். அவனை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆரின் எழுந்து நின்றார்.

"போதும் மாப்ள."

"மச்சான், உக்காருங்க" என்றான் வெண்டல்.

"நீ உக்காரு. ஜட்ஜம்மா, இவன் பொய் சொல்றான். இவன் வாயில நான் கேட்ட மொதப் பொய் இதுதான். அதுவும் எனக்காகச் சத்தியத்தை மீறிச் சொல்றான். அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல." கையிலிருந்த தொப்பியை மேஜை மேல் வைத்தார். "நரி கிரின்னு ஒண்ணும் கெடையாது. கொட்டகையில நான் இவன்கிட்ட சொன்னது இதுதான்: நீ இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு நான் இருந்திருக்க மாட்டேன்."

ஜட்ஜம்மா மெதுவாகக் கேட்டார்: "இப்ப எப்படி இருக்கீங்க, மிஸ்டர் ஹாஸ்கெட்?"

"நாளைக்கு அதெல்லாம் வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. இவ என்னை இங்க இழுத்துட்டு வந்ததுல எனக்கு ஆத்திரம்தான். ஆனா இவ பொய் சொல்லல. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். காகிதத்தை வெண்டல் பக்கம் நீட்டி, "இதை நிறைவேத்துவீங்களா ஷெரிஃப்?" என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், "ஓட்டு போச்சுடா வெண்டல்!" என்று கத்தினான். வெண்டல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனா போகட்டும்" என்று சொல்லிக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு ஆரினிடம் போய், எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். பெஞ்சில் இருந்த சிலர் எழுந்து வெளியே போனார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு எவர் மேலும் வருத்தமில்லை. முந்தின வருஷம் என்றால் நானும் எழுந்து போயிருப்பேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆரின் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கொட்டகைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே படுத்தார். நான் ஒரு கண் மட்டும் மூடித் தூங்கினேன்.

சனிக்கிழமை விடியும்போது மேற்கே முதல் வெடிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. ஆரின் சமையலறை மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கேட்கும் ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய வலது தோள் லேசாகத் துடித்தது. நான் முட்டை பொரிக்க எழுந்தேன்.

"இந்நேரம் பான்கேக்கோட சேத்து என்னையும் மென்னு தின்னிருப்பானுங்க" என்றார். நாலைந்து நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

"தின்னுட்டுப் போறாங்க."

"உன்னை நான் மன்னிக்கல ரோவினா."

"மன்னிக்க வேணாம்."

"எப்ப மன்னிப்பேன்னும் தெரியாது."

"வருஷக் கணக்காகட்டும். அதே நாற்காலியில உக்காந்து கோவமா இருங்க. எனக்கு அது போதும்."

நான் அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேற்கே மறுபடியும் வெடித்தது. கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னாலிருந்து கடுகடுவென்று குரல் வந்தது.

"முட்டை கருகுது பாரு."