ரேடியம் ஊசிக்குப் பிறகு இருபத்தெட்டு நாள்

லாரி ஓட்டிய காலத்தில் ரேடியம் என்றால் அவருக்கு வண்டியின் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர்தான். எழுபது வயதில் புற்றுநோய் எலும்புக்குப் பரவி வலி வாட்ட, ரேடியம் ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னபோது, "அப்போ இருட்டுல மின்னுவேனா?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த மனைவியும் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து போனில் எதையோ படித்தார். அந்தக் காலத்தில் கடிகார எண்களுக்கு ரேடியம் பூசிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை எலும்பு உதிர்ந்து செத்தார்களாம். முதல் ஊசி போட்ட அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"தட்டை வெளியவே வெச்சிட்டுப் போ."

"என்னங்க இது, சின்னப்புள்ளத்தனமா?"

"என் கதை முடிஞ்சா முடியட்டும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

மல்லுக்கட்டிப் பார்த்தாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. தையல் மெஷினை அந்தக் கதவோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். நாற்பது வருடம் அவர் பாதி நாள் வெளியூரில். ஓய்வு பெற்றதும் உன்னை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர், இப்போது ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருமினார். அவருடையது ஏதாவது மடியில் இருக்கட்டும் என்று, கிழியாத அவர் சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் இரண்டாவது ஊசி. மருத்துவமனையிலும் அவர் சுவரோரமாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்த நர்ஸ் காரணம் கேட்டாள். சொன்னார்.

"அய்யா, அந்தக் கடிகாரப் பொண்ணுங்க முழுங்கினது வேற வகை. அது பாதியாகவே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும். இது பதினோரு நாள்லயே பாதியாயிடும். ரேடியம் கால்சியத்துக்குப் பங்காளி மாதிரி. எலும்பு ஏமாந்து உள்ள சேத்துக்கும். அங்க இருந்துக்கிட்டே கட்டியைச் சுடும். அந்தக் கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. ரத்தம், மலம், மூத்திரம், வாந்தி தொடைக்கும்போது மட்டும் கையுறை போட்டுக்கணும். அம்மா தாராளமா பக்கத்துல இருக்கலாம். போன தடவையே சொன்னோமே?"

"காதுல விழுந்துச்சும்மா. மனசு கேக்கல."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசத்தை வீணாக்கிட்டேன்ல?"

"ஆமா" என்றாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

நான்காவது ஊசிக்குப் பிறகு வலி அடங்கியது. குளிக்க, மாடியேற முன்போலச் சிரமப்படவில்லை. அடுத்த வருடம் மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போனார்.

துக்கம் கேட்க வந்தவர்கள், "கடைசி ஒரு வருஷம் வலியில்லாம இருந்தாரே, அதுவே பெரிசு" என்றார்கள். தலையாட்டினாள். எல்லாரும் போன பிறகு மகளிடம் மட்டும் சொன்னாள்:

"வலி கொஞ்சம் கொறஞ்சதும் தினமும் அவர்தான் எனக்கு டீ போடுவாரு. வாயில வைக்க முடியாது, அவ்ளோ சர்க்கரை. இப்போ ஒரு வாய் கிடைச்சாப் போதும்னு இருக்குடி."