சொட்டுச் சொட்டாக ஏறியது

சுனாமிக்கு மறுவருஷம், சித்திரை வெயில். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த மாயவன் பலகையை நழுவவிட்டான். தனக்கோடி திரும்பிப் பார்த்தாள். புருஷனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"மாமா, இன்னா ஆச்சு?"

குழறல்தான் வந்தது. வலது கால் துவண்டு, பாத்தியிலேயே சரிந்தான்.

கொழுந்தன் கலியபெருமாள் வேன் பிடித்து வந்தான். பாண்டி ஆஸ்பத்திரி போகும்வரை மாயவன் அவள் மடியில் கிடந்து அவளையே பார்த்தான்.

ஸ்கேன் எடுத்தபின் டாக்டரம்மா சொன்னார்: "மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. கொஞ்ச இடம் செத்துப்போச்சு. சுத்தியிருக்கிற இடம் இன்னும் உயிரோட தவிக்குது. ஆனா இரும்பைத் துரு தின்னுற மாதிரி ஒருவித நச்சு அதையும் தின்னுடும். அதைத் தடுக்க ஒரு புது மருந்து சோதனையில இருக்கு. பாதிப் பேருக்கு மருந்து ஏறும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. வேணாம்னாலும் மத்த வைத்தியம் நிக்காது."

கலியபெருமாள் அவளை ஓரமாக இழுத்தான். "வேணாம் அண்ணி. எலிக்குப் போட்டுப் பாக்குறதை அண்ணனுக்குப் போடுறாங்க."

போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் மிச்சமும் போய்விட்டால்? அவள் நேரே கட்டிலுக்குப் போனாள்.

"மாமா, புது மருந்தாம். நல்லதும் ஆவலாம், ஒண்ணும் ஆவாமலும் போவலாம். சம்மதம்னா என் கையை அமுக்கு."

இடது கை அவள் விரல்களை இறுக்கியது.

மருந்து ஏறிய நாளெல்லாம் அவள் தூங்கவில்லை. அவன் கண் மூடினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஒருநாள் காலையில் அவன், "பசிக்குது" என்றான். தனக்கோடி வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வருஷம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா தயங்கியபடி சொன்னார்: "பல நாட்டுல பாத்துட்டாங்கம்மா. அந்த மருந்துக்கும் உப்புத் தண்ணிக்கும் வித்தியாசம் இல்லியாம். உங்க வீட்டுக்காரர் தானாத்தான் தேறியிருக்கணும்."

தனக்கோடி கேட்டாள்: "அப்போ மறுபடி வந்தா எதைக் குடுத்து நிறுத்துவீங்க?"

"வராம பாத்துக்கணும். பிரஷர் மாத்திரையை விட்டுடாதீங்க."

பஸ் ஸ்டாண்டில் காலை இழுத்து இழுத்து நடந்த மாயவன் சட்டென்று நின்றான். அவள் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"மாமா!"

"செருப்பு கழண்டுக்கிச்சுடி."

குனிந்து மாட்டிவிட்டாள். பஸ் கிளம்பிய பிறகும் அவள் அவன் கையை விடவில்லை.