எதிராளியின் கையெழுத்து

தத்துவப் பிரிவின் தலைவரான ஃபாதருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உயிரோடு இருக்கும் ஒருவரின் நம்பிக்கையை மறுத்துக் கட்டுரை எழுதுகிறாயா, தாராளமாக எழுது. ஆனால் முதலில் அவர் என்ன நம்புகிறார் என்று ஒரு தாளில் எழுதி, அவரிடமே காட்டி, கையெழுத்து வாங்கி வா. அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் கடவுளைக்கூட மறுக்கலாம், எதிராளியை ஏமாற்றக் கூடாது.

அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி மறுக்க எடுத்துக்கொண்டது தன் அக்காவின் ஜெபத்தை. ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள். பெற்றவர்கள் போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து அவனைப் படிக்கவைப்பவள் அவள். விடிந்ததும் கட்டிலோரம் முழங்காலிட்டுக் கால் மணி நேரம் முணுமுணுப்பாள்.

'கேட்டால் கடவுள் என் தம்பிக்கு மதிப்பெண் கொடுப்பார் என்று நம்புகிறேன்' என்று அவள் சார்பில் எழுதினான். பிறகு நான்கு பக்கத்துக்கு அதைக் கிழி கிழியென்று கிழித்தான். அதை அவளிடம் நீட்ட மட்டும் முகம் இல்லை. அவன் பள்ளி ரேங்க் கார்டுகளில் அவள்தான் உருண்டை எழுத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்து அவனே போட்டுவிட்டான். வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணும் வாங்கினான்.

கட்டுரை வாசிக்கும் நாளுக்கு எதிராளிகளையும் அழைப்பது அங்கே வழக்கம். அக்காவுக்கு வந்த அழைப்பிதழைக் கிழித்துப் போட்டான். ஃபாதர் போன் போட்டே கூப்பிடுவார் என்று இந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. அக்கா அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட உடையில், கையில் பிளீச்சிங் வாடையோடு, வாசிப்புக்கு முன்பே ஃபாதரின் அறைக்கு வந்துவிட்டாள்.

"வாங்கம்மா. நீங்கதான் எதிராளியா?" என்று சிரித்தார் ஃபாதர். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுக்கு நன்றி. நிறைய பேர் கோவிச்சுக்குவாங்க." தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். அவன் புத்தக அலமாரியோடு அலமாரியாக ஒட்டி நின்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் குட்டு உடைந்துவிடும்.

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"என் கையெழுத்துதான் ஃபாதர்," என்றாள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவள். "அவசரத்துல சரியாப் படிக்காமப் போட்டுட்டேன். கொஞ்சம் திருத்திக்கலாமா?"

"உங்க நம்பிக்கைம்மா. நீங்கதான் திருத்தணும்."

அவள் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டாள். ஒரே ஒரு சுழி. சலவைக்கூடத்தில் மூட்டைக்கு மூட்டை கையெழுத்துப் போட்டுப் போட்டு அவள் பெயர் எப்போதோ அப்படிச் சுருங்கிவிட்டது. கூடவே இருந்தும் அவனுக்குத் தெரியாது.

ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். தாளை அவன் பக்கம் தள்ளினார்.

'தம்பிக்காக நான் எதுவும் கேட்பதில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வராமல் இருக்கத்தான் கேட்கிறேன். இதுவரை கிடைத்திருக்கிறது.'

அவனுக்கு உடம்பே கூசியது. வகுப்பு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கும் இடம் அவள் விட்டுக்கொடுத்த இடம் என்பது, அத்தனை தத்துவம் படித்தும், ஒரு நாளும் உறைத்ததில்லை.

"சரி, இப்ப இதை மறுத்து எழுது," என்று ஃபாதர் பேனாவை நீட்டினார்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சீக்கிரம் எழுதுடா. ரெண்டு மணிக்கு நான் வேலைக்குப் போகணும்."

அவன் பேனாவை வாங்கவில்லை.

"மேல இருக்கறது நான் போட்ட கையெழுத்து ஃபாதர்," என்றான்.

பிடிபட்டது தான்தான் என்பதுபோல அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.