சின்யாமா சொன்னதும் டின்சி சொன்னதும்

டின்சியின் கணவன் பொன்ராஜை ஆப்பிரிக்காவில் ஒரு மந்திரவாதி விஷம் வைத்துக் கொன்றுவிட்டான் என்று பீர்மேட்டுத் தேயிலை மலையில் எல்லோரும் நம்பினார்கள். கொன்றது யார் என்று டின்சிக்குத் தெரியும். அந்த ஆள் சமவெளியில் எலப்புள்ளி என்ற ஊரில் மூன்று மாடி மிஷன் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர் செல்லத்துரை. ஊழியர்களுக்கெல்லாம் அவர் ‘அண்ணன்’.

கல்யாணமான மறுவருஷமே பொன்ராஜும் டின்சியும் அவருடைய மிஷன் வழியாக ஜாம்பியாவுக்குப் போனார்கள். வடமேற்கு மூலையில் சிம்பேலா என்றொரு கிராமம். மழைக்காலத்தில் சுற்றிலும் வெள்ளம் நின்று ஊரே தீவாகிவிடும். அதுவரை எந்தச் சபையும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அந்த மக்கள் பேசும் லுவாலே மொழி பொன்ராஜுக்குக் கடைசிவரை தடுமாற்றம்தான். டின்சி மரவள்ளிக் கிழங்கு இடிக்கும் பெண்களோடு உட்கார்ந்து உட்கார்ந்தே அதைப் பிடித்துக்கொண்டாள். பொன்ராஜ் கிணறு வெட்டினான், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான், ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பிரசங்கம் செய்தான். அதை அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் குறைவு. ஆனால் அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை.

ஒரு வருஷம் மழை தொடங்கும் நேரத்தில் செல்லத்துரை விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வந்தார். காட்டு மிருகங்களைக் காட்டுவதற்காக ஊரில் இருந்த ஒரே ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே பொன்ராஜுக்கு மலேரியா காய்ச்சல் ஏறியது. மறுநாள் பிதற்ற ஆரம்பித்தான். டின்சி சிக்னல் கிடைக்கும் கரையான் புற்று மேட்டில் ஏறி நின்று போன் செய்தாள். செல்லத்துரை எடுத்தார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஜெபம் பண்ணும்மா. காய்ச்சல்தானே. நாங்க வந்திருவோம்,” என்றார்.

வண்டி வந்தபோது குழிமேல் போட்ட மண் காய்ந்திருந்தது.

அதன்பின் அதே காய்ச்சல் டின்சியைச் சாய்த்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து, ஊர் வந்து சேர்வதற்குள், செல்லத்துரை சொன்ன விஷக் கதையை நம்பி, பீர்மேட்டுக் கோயில் வாசலில் ‘இரத்தசாட்சி பொன்ராஜ்’ என்று பேனர் கட்டியாகிவிட்டது. பாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் செல்லத்துரையைக் கேட்டார். செல்லத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், காய்ச்சல் அவள் மூளையைத் தொட்டுவிட்டது என்றார். அந்தப் பேச்சு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் பரவியது. கொழுந்து எடுத்து எடுத்துக் கை காய்த்துப்போன அவள் மாமியார் அழகுத்தாய்கூட அவள் தலையைத் தடவி, “விடு தாயி, அவன் ஆண்டவருக்காகப் போயிருக்கான்,” என்றாள்.

அன்றோடு டின்சி வாயை மூடிக்கொண்டாள். எஸ்டேட் குழந்தைக் காப்பகத்தில் வேலைக்குப் போனாள். செல்லத்துரை எப்போதாவது மலைக்கு வந்தால் எழுந்து நின்று தோத்திரம் சொன்னாள். அவள் அடங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார். அவள் ஒவ்வொரு இரவும் அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

போன டிசம்பரில் செல்லத்துரையே போன் செய்தார். சிம்பேலாவிலிருந்து சின்யாமா என்ற பெரியவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வைக்கப் போகிறாராம். வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு விசா கிடைக்கவில்லை. முதல் கூட்டம் பீர்மேட்டில். டின்சி தமிழில் சொல்ல வேண்டும். பெரியவர் என்ன பேசினாலும் கவலையில்லை. பொன்ராஜைக் கொன்ற ஜனம் மனம் திரும்பியது என்பது வந்துவிட்டால் போதும் என்றார்.

“சரிங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் டின்சி.

போனை வைத்ததும் அவளுக்குப் பசித்தது. நெடுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சின்யாமாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊர்த்தலைவரின் தம்பி. மஞ்சு மூடிய கூட்ட நாள் காலையில், கோயிலை ஒட்டிய விருந்தினர் அறையில் இரவல் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கைதட்டி, தங்கள் வழக்கப்படி வணங்கினார். பொன்ராஜின் வீட்டாரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். டின்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மலையில் அவருடைய ஜனத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் அவர் மொழியிலேயே சொன்னாள். விஷம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. பிறகு, தான் கண்டதைக் கண்டபடி சொல்வதாகச் சொன்னார். அவளுக்கு அதுதான் வேண்டும்.

கோயில் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் அழகுத்தாய் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். செல்லத்துரை அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, கொலைகாரர்கள் சகோதரர்களாகிவிட்டார்கள் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். மைக்கைத் தன் கையாலேயே டின்சியிடம் கொடுத்தார்.

சின்யாமா நிதானமாகப் பேசினார். அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் டின்சி தமிழில் சொன்னாள்.

“பொன்ராஜுக்கு எங்க ஊர்ல யாரும் விஷம் வைக்கலை. கொசுக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் இல்லை. அதை இந்த மிஷன்காரர் மிருகம் பார்க்க எடுத்துட்டுப் போயிருந்தார்.”

செல்லத்துரை திரும்பிப் பார்த்தார். டின்சி அவரைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்ததைச் சொன்னாள்.

“அவன் மனைவி புற்று மேட்டுல நின்னு போன்ல கெஞ்சினதை நாங்க கேட்டோம். வண்டி வரலை. மாட்டைப் பூட்டி, சக்கரமில்லாத சறுக்குக் கட்டையில அவனைப் படுக்க வைச்சு நாங்களே இழுத்துட்டுப் போனோம். ஆத்துல வெள்ளம். மாடு இறங்க மாட்டேன்னுது. கரையிலேயே அவன் உயிர் போச்சு. எங்க பெண்கள் சொந்தப் பிள்ளைக்கு அழற மாதிரி அழுதாங்க.”

செல்லத்துரை மைக்குக்குக் கை நீட்டினார். சபை நடுவிலிருந்து யாரோ, பேச விடுங்கள் என்றார்கள். அவர் கை அப்படியே நின்றது.

சின்யாமா தன் மொழியில் கடைசியாக ஒன்று சொன்னார். நான் சண்டைக்கு வரவில்லை. இந்த மனிதரும் குழிக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து அழுததைப் பார்த்தேன். பொய் சொன்னது பயத்தால் இருக்கலாம். பொன்ராஜின் ஆட்கள் அவரை மன்னிக்க வேண்டும் என்று கேட்கத்தான் நிற்கிறேன்.

டின்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபை காத்திருந்தது.

“அவ்வளவுதான்,” என்றாள்.

அழகுத்தாய் மெல்ல எழுந்து செல்லத்துரைக்கு எதிரே போய் நின்றாள்.

“இவ போன் பண்ணினாளா, ஐயா? நீங்க எடுத்தீங்களா?”

அவர் கர்த்தருடைய சித்தம் என்று ஏதோ தொடங்கினார்.

“எடுத்தீங்களான்னு மட்டும் சொல்லுங்க.”

“எடுத்தேன்,” என்றார். அது மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அழகுத்தாய் பொன்னாடையை எடுத்து அவர் காலடியில் போட்டாள். ஆட்கள் எழுந்தார்கள். கூச்சல் எழவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு வரிசை வரிசையாக வெளியே போனார்கள். செல்லத்துரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். டின்சி அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். மூன்று வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றிருந்தது.

சின்யாமா குழம்பிப்போய் அவளிடம் திரும்பினார். கடைசியில் சொன்னதையும் சொன்னாயா என்று கேட்டார்.

“சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்,” என்றாள் அவர் மொழியில்.

அவர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. மேடையைக் குறுக்கே கடந்து போய், செல்லத்துரையின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். செல்லத்துரை குனிந்து குலுங்கி அழுதார். வெளியேறிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தடுக்கவும் டின்சிக்கு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

ஈஸ்டருக்குப் பின் வரும் பெந்தெகொஸ்தே நாளுக்குள் எலப்புள்ளிக் கட்டடம் பூட்டப்பட்டது. ஊழியர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். செல்லத்துரை மகள் வீட்டில் முடங்கிக் கிடப்பதாகக் கேள்வி. பாஸ்டர் டின்சியைத் தேடி வந்து தலைகுனிந்து பேசினார். இப்போது யாரும் அவளைப் பைத்தியம் என்று சொல்வதில்லை. செய்ததற்காக அவள் ஒருநாளும் வருந்தியதும் இல்லை. ஆனால் படுக்கும்போது முன்போல அந்தச் சிரிப்புச் சத்தம் வருவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேரும்தான் வருகிறார்கள். அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மாமியார் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.