முதல் மட்டைக்கு யார்

1977 பிப்ரவரியில் எங்கள் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். சாப்ட்பால் அணியை முதல்வர் என்னிடம் ஒப்படைத்தார். நான் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பந்தைத் தொட்டதில்லை. இரண்டு வருடமாக ஸ்கோர் நோட்டு எழுதி வந்தது மட்டுமே என் தகுதி.

யார் முதலில் மட்டை பிடிப்பது என்பதற்கு அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். அங்கே கரைவலை விடுவதற்கு முறை உண்டு. நேற்று முதலில் விட்டவர் இன்று கடைசி. மட்டையையும் அப்படியே சுற்றவிட்டார்கள். சண்டை வராததால் ஆசிரியையும் தலையிடவில்லை.

பாளையங்கோட்டை அணியோடு ஆடும் நாள் அல்போன்சாவின் முறை. அவள் கடற்கரையோர மணப்பாட்டுப் பெண். எங்களில் பலமாக அடிப்பவள். அன்று பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் வருகிறார். ஓர் இடம்தான் பாக்கி. அது கிடைத்தால் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பில் சேர்வது அவளுக்கு எளிது. முதலில் நிற்பவளுக்கு ஒரு வாய்ப்பு கூடுதலாக வரலாம்.

நான் நோட்டைப் பார்த்தேன். அணியில் இன்னொருத்தியான பிச்சம்மாள் அடிப்பது அபூர்வம். ஆனால் கெட்ட பந்தைத் தொடமாட்டாள். நான்கு கெட்ட பந்து விழுந்தால் அடிக்காமலே, ஓட்டத்தின் முதல் நிறுத்தமான பேஸுக்குப் போகலாம். இருபது முறையில் பதினோரு முறை அவள் பேஸுக்குப் போயிருந்தாள். அவள் அங்கே நின்று, அல்போன்சாவை நான்காவதாக இறக்கினால், அந்த அடியில் அவள் சுற்றி வந்து ரன் கிடைக்கும்.

வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“ஏளா பிச்சம்மா, நீயா மொதல்ல? நீ மட்டைய தூக்குததே ஈ வெரட்டத்தானளா,” என்றாள் அல்போன்சா.

“நேரா போட்டா நான் அடிக்க மாட்டனா? எனக்குன்னு கோணலா போடுதாளுவ. நான் என்ன செய்ய?” என்றாள் பிச்சம்மாள்.

அல்போன்சா என்னிடம் வந்தாள்.

“மிஸ், இன்னைக்கு என் முறைலா. எங்கூர்ல முறைய மாத்துனா வெட்டுக்குத்து ஆயிரும்.”

“ஜெயிக்கணும்னா இதுதான் சரி.”

“எனக்கு ஒரு தடவ குறையுமே.”

“குறையலாம்,” என்றேன்.

முதல் இன்னிங்ஸில் பிச்சம்மாள் நான்கு கெட்ட பந்துகளை விட்டுவிட்டு நடந்து போனாள். அடுத்த இருவரும் அவுட். அல்போன்சா அடித்தது வேலி வரை போனது. பிச்சம்மாள் ஓடி வந்து சேர்ந்தாள். இரண்டாம் முறை அல்போன்சா அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் கடைசி இன்னிங்ஸ் முடிந்தபோது அடுத்து நிற்க வேண்டியவள் அவள்தான். மட்டையைக் கையில் வைத்திருந்தாள்.

வேறொருத்தியும் ஒரு ரன் எடுத்திருந்ததால், இரண்டுக்கு ஒன்று என ஜெயித்தோம்.

தேர்வாளர் என்னிடம் வந்தார். “அந்த நாலாவது பொண்ணு ரெண்டு தடவதான் நின்னா. ஒண்ணு அடி, ஒண்ணு அவுட். இன்னொண்ணு பாத்திருந்தா அவ பேரச் சொல்லிருப்பேன்.”

அவள் இதுவரை அடித்ததெல்லாம் இருந்த ஸ்கோர் நோட்டை நீட்டினேன்.

“இது உங்க பொண்ணுங்களுக்கு நீங்களே எழுதினதுதானேம்மா,” என்று சொல்லி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். பாளையங்கோட்டைப் பெண் ஒருத்தியின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அல்போன்சா சென்னைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை எடுத்து வந்தாள். ஒரு கட்டத்தை விரலால் காட்டினாள். எந்த நிலை வரை ஆடியிருக்கிறீர் என்று கேட்டிருந்தது.

“இங்கன என்ன எழுத, மிஸ்?”

“கல்லூரி அணி.”

என் பேனாவை வாங்கி, முழங்காலில் தாளை வைத்து எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.