இன்னும் அரைச் சுற்று

இன்னும் அரைச் சுற்று இறுக்கவேணும். அந்தப் புதுக் கம்பி தளர்வாகத்தான் இருக்கிறது.

கணவரின் தகனம் முடிந்து வந்து, முழுகிய ஈரத்தலையோடு குசினிக் கதிரையில் இருந்த யோகாவின் மனதில் இது ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. யன்னலோரம், பழைய பத்திரிகைத் தாள்களின் மேல், கேதீஸ்வரனின் சைக்கிள் தலைகீழாக நின்றது. அதன் பின்சில்லில் ஒரு கம்பி மட்டும் புதிதாகப் பளபளத்தது. வெண்கட்டித் துண்டும் கம்பி இறுக்கும் சாவியும் சனிக்கிழமை அவர் வைத்த இடத்திலேயே கிடந்தன.

மெல்பேர்னிலிருந்து வந்திருந்த கேதீஸ்வரனின் தம்பி சிறி, காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டான். "என்ன அண்ணி, என்னோட வாறியள்தானே?"

கிருஷ்ணசாமி தேநீர்க் கோப்பையை அவள் கையில் வைத்தார். செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் கேதீஸ்வரனோடு வேலை செய்தவர், மதுரைக்காரர்.

"சூடா குடிங்கம்மா," என்றவர் சைக்கிளைப் பார்த்தார். "என்ன காதுங்க அவருக்கு! கம்பியச் சுண்டிப் பாத்தே எது லூசு, எது டைட்டுன்னு சரியா வச்சிடுவாரே. நான் கூப்பிட்டா மட்டும் திரும்பவே மாட்டாரு."

வந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிறி சிரித்தான். "ஓம், அண்ணைக்குத் தேவையானது மட்டுந்தான் கேக்கும்."

யோகா கோப்பைக்குள் பார்த்தாள்.

நான்கு வருடம் தகடு அமுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் அவருடைய செவி மங்கிப்போயிருந்தது. கேத்தல் கூவிக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருந்துகொண்டே அவர் பேப்பர் படித்த ஒரு பின்னேரம்தான் அவளுக்கு அது விளங்கியது.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும். வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்," என்றார்.

அன்றிலிருந்து கம்பிகளின் சத்தத்தைக் கேட்டது அவள்தான். வீதிக் குழிகளும், பென்டில் ஹில் கடையிலிருந்து பின்னால் கட்டிவரும் அரிசி மூட்டையும் மாதத்துக்கு ஒரு கம்பியையாவது உடைத்துவிடும். புதுக் கம்பி போட்டபின் சில்லைச் சுற்றிவிட்டு வெண்கட்டியைக் கிட்டப் பிடிப்பார். நெளிந்த இடத்தில் கோடு விழும். பிறகு கம்பியைச் சுண்டிவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார். தளர்வென்றால் அவள் விரல் மேலே போகும். இறுக்கம் கூடினால் கீழே. சரியாக வந்துவிட்டால் தலையை ஆட்டுவாள். அடுப்பில் ஏதோ கொதிக்க, ஒரு வார்த்தையும் பேசாமல், எத்தனை பின்னேரங்கள். கலியாணம் முடித்த காலத்தில்கூட அவர் அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

சனிக்கிழமையும் சுண்டினார். அவள் கழுவுதொட்டியடியில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ, வடிச்சிட்டு வாறன்," என்றாள், திரும்பாமலே. அவருக்குக் கேட்காது என்பது அந்த நேரம் நினைவில் இல்லை.

இன்னொரு தடவை சுண்டிய சத்தம் கேட்டது. தளர்வுதான், அரைச் சுற்றுப் போதும் என்று நினைத்தாள். கஞ்சி கடைசிச் சொட்டுவரை வடிந்தது. அவள் திரும்பியபோது அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் அவள் பக்கம் இருந்தது.

இருதயம் என்றார் வைத்தியர்.

கிருஷ்ணசாமி விடைபெற்றுப் போனபின் சிறி கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணி, நாளைக்கு ரெயினுக்கு ரெண்டு ரிக்கெற் எடுக்கப்போறன். அங்க உங்களுக்கெண்டு ஒரு அறை இருக்கு. இந்த வீட்டுக்குள்ள தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?"

"ம்."

"சைக்கிளைக் கிருஷ்ணசாமியிட்டக் குடுத்திடுவம். ஒரு கம்பிதானே மிச்சம், நானே முடிச்சு விடுறன்."

சாவியை எடுத்துப் புதுக் கம்பியின் அடியில் மாட்டி ஒரு முழுச் சுற்று முறுக்கினான். பிறகு சுண்டினான்.

இறுக்கம் கூடிவிட்டது. யோகாவின் விரல் மடியிலிருந்து தானாக எழும்பிக் கீழே சரிந்தது. சிறி அதைக் காணவில்லை. அவன் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப சரி. நீங்கள் போய் உடுப்புகளை அடுக்குங்கோ அண்ணி."

யோகா எழுந்து கோப்பையை மேசையில் வைத்தாள். அவனுடைய கையிலிருந்து சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு ரிக்கெற் வேண்டாம் தம்பி," என்றாள். "உங்களுக்கு மட்டும் எடுங்கோ."